ஏழாம் கட்டிலின் தாள்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த வீட்டில் யாரும் தும்மக்கூடக் கூடாது. ஆஸ்பத்திரியில் வார்டு இன்சார்ஜாக இருக்கிற நர்ஸ் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு, அடுத்த வாரத்துக்கான டூட்டி சார்ட் போட உட்கார்ந்துவிடுவாள். ஒரு அடி ஸ்கேல், நீலப் பேனா, சிவப்புப் பேனா, மேசை அகலத்துக்கு ஒரு வெள்ளைத் தாள். ஆண்கள் ஆபரேஷன் வார்டில் முப்பத்தெட்டுக் கட்டில், பதினான்கு நர்சுகள், மூன்று ஷிப்டு. யாருக்கு எந்த நாள் லீவு, யார் தொடர்ந்து மூன்று ராத்திரி பார்த்தாள், யார் பிள்ளைக்குப் பரீட்சை, அத்தனையும் அவள் மண்டைக்குள் இருக்கும். அவள் கோடு போடுகிற அழகைப் பார்க்க வேண்டுமே! அச்சடித்த மாதிரி இருக்கும்.

அவளைச் சும்மா குறை சொல்லக் கூடாது. அவள் வருவதற்கு முன்னால் அந்த வார்டு சந்தைக்கடை. மேலிடத்துக்கு வேண்டியவளுக்கு எல்லா ஞாயிறும் லீவு, வாயில்லாதவளுக்கு எல்லா ராத்திரியும் டூட்டி. படுக்கை விரிப்பு பத்து வந்தால் நாலு காணாமல் போகும். ஊசி மருந்து தீர்ந்துபோனது, தீர்ந்துபோன பிறகுதான் தெரியும். இவள் வந்து ஆறே மாதத்தில் எல்லாவற்றையும் ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவந்தாள். அதற்குக் கைம்மாறாக நர்சுகள் அவளுக்கு வைத்த பேர் 'ஸ்கேல் மேடம்'. நன்றிகெட்டவர்கள் என்று சொல்லலாம்தான். ஆனாலும் பேர் பொருத்தமாக இருந்தது.

அதே வார்டில்தான் அவளுடைய நாத்தனாரும் நர்ஸ். கட்டியவன் செத்து ஒன்பது வருஷமாக அண்ணன் வீட்டுப் பின்னறையில் இருக்கிறாள். அவளுக்குப் பதவி ஒன்றும் கிடையாது. இன்சார்ஜ் பரீட்சையை அவளும்தான் எழுதப் போனாள். அன்றைக்குப் பார்த்து வார்டில் ஒருத்தர் ரத்தவாந்தி எடுத்தார். விட்டுவிட்டு வர மனசில்லாமல் முக்கால் மணி நேரம் தாமதமாகப் போய், பாதிக் கேள்வியோடு தாளைக் கொடுத்துவிட்டு வந்து, "அப்பாடா, தொல்லை விட்டுச்சு" என்றாள். ஆனால் வார்டில் எல்லாருக்கும் அவள்தான் அக்கா. அவளைவிடப் பத்து வயசு மூத்த துப்புரவு அம்மாள்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவாள். ஒரு கட்டிலில் ஏதாவது கோளாறு என்றால் நர்சுகள் இன்சார்ஜ் மேசையைத் தாண்டி ஓடிப்போய் அவளிடம்தான் சொல்வார்கள். இன்சார்ஜ் இதைக் கவனிக்காத மாதிரி இருப்பாள். உள்ளே வெந்துகொண்டிருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை புழுக்கம் தாங்கவில்லை. வானம் மூடிக்கொண்டு கிடந்தது, ஒரு இலை அசையவில்லை. இன்சார்ஜின் புருஷன், பஸ் டிரைவர், பனியனோடு தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தார். பித்தப்பையில் கல். மறுநாள் காலையில் ஆபரேஷன், மனைவியின் வார்டிலேயே. ஏழாம் கட்டிலை ஒதுக்கியாகிவிட்டது. இன்சார்ஜ் தன் நாற்காலியிலிருந்து தலையைத் திருப்பினால் தெரிகிற கட்டில் அது. நாத்தனார் வாசற்படிக்கு உள்பக்கம் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இந்த வாரம் உன்னைக் கண் ஓபியில போட்டிருக்கேன்," என்றாள் இன்சார்ஜ், தாளிலிருந்து தலை எடுக்காமல்.

நாத்தனாரின் கத்தி நின்றது. "என்ன அண்ணி இது? நாளைக்கு அண்ணனுக்கு ஆபரேஷன். நான் பக்கத்துல இருக்க வேண்டாமா?"

"ஏன், நான் இல்லையா?"

"நீங்க செவ்வாய்க்கிழமை இன்ஸ்பெக்‌ஷன்காரங்க பின்னாடி சாவிக்கொத்தோட ஓடுவீங்க. வேற எதையும் பாக்க உங்களுக்கு நேரமிருக்காது."

"அந்த இன்ஸ்பெக்‌ஷனுக்காகத்தான் உன்னை மாத்துறேன். போன வாரம் உன் தாள்ல மட்டும் பதினோரு கட்டம் காலி. மத்த யார் தாள்லயாவது ஒரு கட்டம் காலியா இருந்துச்சா?"

"அந்த நேரத்துல வேற கட்டில்ல மாட்டிக்கிட்டேன் அண்ணி. பல்ஸ் பாக்கலை. பாக்காததை நான் எப்படி எழுதுவேன்?"

"மத்தவங்க எழுதுறாங்களே."

"எழுதுறாங்க. பாத்துட்டா எழுதுறாங்க? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க, உங்களுக்குத் தெரியாதா?"

இன்சார்ஜ் அடுத்த கோட்டைப் போட்டாள். விஷயம் இதுதான். ஆபரேஷன் முடிந்தவர்களின் கால்மாட்டில் ஒரு தாள் தொங்கும். மணிக்கு ஒரு கட்டம். நாடி, ரத்த அழுத்தம், மூச்சு, குழாயில் வடிந்த அளவு எல்லாம் மணிக்கு மணி பார்த்து எழுத வேண்டும். காலிக் கட்டத்தைக் கண்டால் இன்சார்ஜ் சிவப்புப் பேனாவால் சுழிப்பாள். மூன்று சுழி விழுந்தால் மெமோ. மெமோ வந்தால் சம்பள உயர்வு தள்ளிப்போகும். ஒரு ஷிப்டுக்கு மூன்று பேர், ஆளுக்குப் பன்னிரண்டு பதிமூன்று கட்டில். இதில் மணிக்கு மணி எங்கே பார்ப்பது? அதனால் வார்டில் ஒரு பழக்கம் வந்துவிட்டது. ஷிப்டு தொடங்கியதும், முந்தின கட்டத்தில் இருக்கிற எண்ணைப் பார்த்து, கொஞ்சம் ஏற்றி இறக்கி, வரப்போகிற நாலைந்து மணிக்கும் சேர்த்து ஒரேயடியாக எழுதிவிடுவார்கள். அதற்கு 'ஓட்டை அடைக்கிறது' என்று பேர். "ஏழு, எட்டு, ஒன்பதுக்கு ஓட்டையை அடைச்சிட்டியாடி?" என்று ஒருத்தி கேட்பாள். "அடைச்சாச்சு, டீ குடிக்கப் போலாம்" என்பாள் இன்னொருத்தி. பொய் என்று யாரும் நினைக்கவில்லை. வீட்டைப் பெருக்குகிற மாதிரி அதுவும் ஒரு வேலை.

இன்சார்ஜ் யாரையும் பொய் எழுதச் சொன்னதில்லை. கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்று மட்டும்தான் சொன்னாள்.

"அண்ணி, கோவிச்சுக்காதீங்க," என்றாள் நாத்தனார். "தாளை நீங்க அருமையா நடத்துறீங்க. அந்தப் பொண்ணுங்களை யாரு நடத்துறது? உங்களைக் கண்டா அவங்களுக்குப் பயம். பயந்தவ உங்ககிட்ட நல்ல சேதி மட்டும்தான் கொண்டுவருவா."

"உன்னைக் கண்டா பயமில்லை, அதான் தலைமேல ஏறி உக்காந்துக்கிறாங்க. முப்பத்தெட்டுக் கட்டிலை அன்பால ஓட்ட முடியாது. நீ ஒரு வாரம் இந்தச் சார்ட்டைப் போட்டுப் பாரு, அப்பத் தெரியும்."

"எனக்கு வராது, ஒத்துக்கறேன். அதுக்காக என்னை அங்கேயிருந்து தூக்கணுமா?"

பாயில் கிடந்த டிரைவர் ஒரு கண்ணைத் திறந்தார். "ரெண்டு பேரும் முடிவு பண்ணிட்டுச் சொல்லுங்கம்மா, என் வயித்தை யாரு வெட்டப் போறீங்கன்னு. எனக்கென்னவோ பீன்ஸ் நறுக்குறவ கைதான் நேரா போகுது."

நாத்தனார் சிரித்துவிட்டாள். இன்சார்ஜுக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் ஸ்கேல் நகர்ந்துவிடும் என்று அடக்கிக்கொண்டாள். நாத்தனாரின் பேருக்கு எதிரே ஆறு நாளும் 'கண்' என்று எழுதி முடித்தாள்.

திங்கட்கிழமை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டாக்டர் மூன்று கற்களை ஒரு சின்னப் புட்டியில் போட்டுக் கொடுத்தார். டிரைவர் மயக்கம் தெளிந்ததும் முதலில் அதைத்தான் கேட்டு வாங்கிப் பார்த்தார். "இத்தனை நாளா இதுங்களையும் டிக்கெட் வாங்காம ஏத்திக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன் பாரு" என்றார். பக்கத்துக் கட்டில்காரர் தையல் வலியோடு சிரித்தார்.

சாயங்காலம் கண் ஓபி முடிந்து நாத்தனார் வந்தாள். அவள் எந்தக் கட்டிலுக்குப் போனாலும் தாளைக் கடைசியில்தான் பார்ப்பாள். அண்ணனின் நெற்றியைத் தொட்டாள், நகத்தை அழுத்திப் பார்த்தாள், குனிந்து வயிற்றிலிருந்து வரும் ரப்பர் குழாயைப் பார்த்தாள். குழாய் முனையில் இருந்த பை காய்ந்து கிடந்தது.

"இதுல ஒண்ணுமே வடியலையே அண்ணி."

"வடியலைன்னா நல்லதுதானே?"

"கொஞ்சமாவது வடியணும். குழாய் அடைச்சிருந்தாலும் பை இப்படித்தான் இருக்கும். ராத்திரிக்காரிகிட்ட சொல்லுங்க, அப்பப்போ குழாயைப் பிழிஞ்சு விடட்டும்."

"சொல்றேன், சொல்றேன். நீ கிளம்பு, பஸ் போயிடும்."

சொன்னாளா என்றால், சொன்னாள். ராத்திரிக்காரியும் ஒருமுறை பிழிந்துவிட்டாள். காலை ஆறு மணிக்கு அவள் நிஜமாகவே கையைப் பிடித்து, வாட்ச் பார்த்து, நாடி எண்பத்து நான்கு என்று எழுதினாள். அதற்குப் பிறகு அந்தத் தாளில் நிஜம் என்று ஒன்றும் இல்லை.

செவ்வாய்க்கிழமை விடியும்போதே வார்டு அமளிதுமளிப்பட்டது. தரையை மூன்று தடவை பினாயில் போட்டுத் துடைத்தார்கள். கட்டில்களைக் கயிறு பிடித்த மாதிரி ஒரே கோட்டில் நிறுத்தினார்கள். நோயாளிகளின் பழம், செருப்பு, செய்தித்தாள் எல்லாம் கட்டிலுக்கு அடியில் போயின. ஒன்றிலிருந்து பதின்மூன்று வரையான கட்டில்கள் அன்றைக்குக் 'கண்ணாடி'யின் பொறுப்பு. பெரிய மூக்குக்கண்ணாடி போட்ட நர்ஸ். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம், ஏற்கெனவே இரண்டு சிவப்புச் சுழி. மூன்றாவது விழுந்தால் தொலைந்தாள். ஏழு மணிக்கு அவள் பதின்மூன்று கட்டிலுக்கும் ஊசி போட வேண்டும், விரிப்பு மாற்ற வேண்டும், பத்து மணிக்குள் கோப்புகளை அடுக்க வேண்டும். உள்ளே வந்ததும் அவள் செய்த முதல் வேலை, மதியம் ஒரு மணிவரைக்கும் எல்லா ஓட்டையையும் அடைத்ததுதான். ஏழாம் கட்டிலுக்கு எண்பத்து நான்கு, எண்பத்து நான்கு, எண்பத்தாறு, எண்பத்து நான்கு.

ஒன்பது மணிக்கு டிரைவர் தண்ணீர் கேட்டார். பத்து மணிக்கு மறுபடி கேட்டார். கால்மாட்டில் போர்வையை உதைத்துக்கொண்டே இருந்தார்.

"இன்சார்ஜ் அம்மா," என்றார், மனைவி பக்கமாகப் போகும்போது. வார்டில் அவளை அப்படித்தான் கிண்டலாகக் கூப்பிடுவார். "எனக்கு ஒரு மாதிரியா இருக்கு."

அவள் தாளை எடுத்துப் பத்து மணிக் கட்டத்தை மட்டும் பார்த்தாள். "எல்லாம் நல்லாத்தாங்க இருக்கு. பல்ஸ் எண்பத்து நாலு. பயந்துக்காதீங்க."

"தாளுக்கு நல்லா இருக்கு. எனக்கு நல்லா இல்லை."

"வலி ஊசி வேகம் குறையும்போது அப்படித்தான் இருக்கும். இன்னைக்கு ஒரு நாள் பொறுத்துக்குங்க, என் தலைக்கு மேல வேலை."

பதினோரு மணிக்கு இன்ஸ்பெக்‌ஷன்காரர்கள் வந்தார்கள். கையில் பட்டியலோடு ஒரு நெட்டை ஆள், கூட இரண்டு அம்மாள்கள். பின்னால் ஆஸ்பத்திரியின் நர்சுகளுக்கெல்லாம் தலைவியான பெரிய மேடம். வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஜன்னலைச் சாத்தியதும் பினாயில் வாடையும் மனித வாடையும் வார்டுக்குள் கட்டிக்கொண்டு நின்றன. நெட்டை ஆள் ஒவ்வொரு கட்டிலாக வந்து தாளைத் தூக்கிப் பார்த்தார். அவர் காலிக் கட்டத்தைத் தேடினார். காலி இல்லையென்றால் பட்டியலில் ஒரு டிக். கட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்று அவர் ஏன் பார்க்கப் போகிறார்?

ஏழாம் கட்டிலில் நின்றார். "பாருங்க, ஒரு கட்டம்கூடக் காலியில்லை. இப்படி ஒரு வார்டை நான் பாத்ததில்லை," என்று சொல்லித் தாளை இன்சார்ஜ் கையில் கொடுத்தார். பெரிய மேடம் பூரித்துப்போனாள்.

இன்சார்ஜ் தாளைப் பார்த்தாள். கடைசியாக எழுதியிருந்த கட்டத்துக்கு மேலே 'ஒரு மணி' என்று இருந்தது. தலையைத் தூக்கிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று நாற்பது.

ஓட்டை அடைக்கிறது என்று வார்டில் பேசிக்கொள்வது அவள் காதில் விழாமல் இல்லை. ஆனால் அது யாரோ ஒருவருடைய கட்டிலில் நடக்கிற காரியமாக இருந்தது. இப்போது அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். சாம்பல் பூத்த முகம். மேலுதட்டில் முத்து முத்தாக வியர்வை. மூக்கு ஓரம் விடைத்து விடைத்து அடங்கியது. அவர் போர்வையிலிருந்து ஒரு கையை எடுத்து, விரலை அசைத்து, "ஏய், இங்க வா" என்றார். குரல் வெளியே வரவில்லை, வாய்தான் அசைந்தது.

இருபத்திரண்டு வருஷம் நர்சாக இருந்தவளுக்கு அந்த முகம் என்ன சொல்கிறது என்று தெரியாதா? உள்ளே ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது. தெரிந்துவிட்டது. அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

"அடுத்து மருந்து அலமாரி பாக்கலாமா?" என்றார் நெட்டை ஆள்.

அவள் அங்கே நின்றால் அவரும் நிற்பார். நின்றால் தாளைத் திரும்பப் பார்ப்பார். பதினொன்று நாற்பதுக்கு ஒரு மணிக் கட்டம் எப்படி நிரம்பியது என்று கேட்பார். ஆறு வருஷத்து உழைப்பு, பேர், வார்டு எல்லாம் ஒரே கேள்வியில் போகும். இரண்டே நிமிஷம், அலமாரியைக் காட்டிவிட்டு இவர்களை வெளியே அனுப்பிவிட்டு ஓடிவந்துவிடலாம் என்று நினைத்தாள். பாவி, அப்படித்தான் நினைத்தாள். தாளை எழுத்துப் பக்கம் உள்ளே இருக்கும்படி திருப்பி மாட்டினாள். போர்வையை ஒரு தட்டுத் தட்டி, "இதோ வந்துடறேன்" என்றாள். போய்விட்டாள்.

மருந்து அலமாரிக்குப் பிறகு விரிப்பு அலமாரி. அதற்குப் பிறகு டூட்டி சார்ட். டூட்டி சார்ட்டை நெட்டை ஆள் வெகுவாக ரசித்தார். இரண்டு வருஷத்துச் சார்ட்டுகளைக் கேட்டார். அவள் சாவிக்கொத்திலிருந்து சாவியைத் தேடினாள். மூன்று தடவை தப்பான சாவி வந்தது. இருபது நிமிஷம்.

பன்னிரண்டு மணிக்குக் கண் ஓபியில் சாப்பாட்டு இடைவேளை. நாத்தனார் கையில் சாப்பாட்டு டப்பாவோடு, புடவை நனைந்து, வார்டுக்குள் நுழைந்தாள். அண்ணனின் கையைத் தொட்டாள். டப்பா தரையில் விழுந்து சோறு சிதறியது.

"ஏழாம் கட்டில்! எல்லாரும் இங்க வாங்க!"

கோப்போடு வரிசையில் நின்றிருந்த நர்சுகள் கோப்புகளை அப்படியே போட்டுவிட்டு ஓடினார்கள். ஒருத்திகூட இன்சார்ஜ் முகத்தைப் பார்க்கவில்லை, பெரிய மேடத்தின் முகத்தைப் பார்க்கவில்லை.

"நீ கால்மாட்டை உசத்து. நீ டாக்டரைக் கூப்பிடு, போன்ல வேணாம், ஓடு. நீ ரத்தத்துக்கு ஓடு, நாலு பாட்டில். கண்ணாடி, அழாதே, அழறதுக்கு அப்புறம் நேரமிருக்கு. ஒரு புதுத் தாளை எடு. நான் சொல்றதை எழுது. பல்ஸ் நூத்து முப்பத்தாறு. பிரஷர் எண்பது. சார், வழியில நிக்காதீங்க, தள்ளுங்க!" சத்தம் கேட்டு வந்த நெட்டை ஆள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

அலமாரி அறையில் சாவிக்கொத்தோடு நின்ற இன்சார்ஜுக்கு முதலில் வந்தது கோபம். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதுதான் நிஜம். என் வார்டில் நின்று கத்த இவள் யார் என்று ஒரு கணம் தோன்றியது. அதற்குப் பிறகுதான் கால் ஓடியது.

டாக்டர் மூச்சு வாங்க வந்து பழைய தாளைக் கையில் எடுத்தார். "பதினோரு மணிக்கு எண்பத்து நாலு இருந்திருக்கே? ஒரு மணி நேரத்துலயா இப்படி ஆச்சு?"

கண்ணாடியின் முகத்தில் ஈயாடவில்லை.

"அந்தத் தாளைப் பாக்காதீங்க சார்," என்றாள் நாத்தனார், எல்லாரும் கேட்க. "இப்பவே ஒரு மணிக் கட்டம்வரைக்கும் நிரம்பியிருக்கு, காலையில ஆறு மணிக்கு அப்புறம் அதுல எதுவும் நிஜமில்லை. எப்பத் தொடங்குச்சுன்னு யாருக்கும் தெரியாது. நிறைய போயிருக்கும்னு வச்சுக்கிட்டே வயித்தைத் திறங்க."

கட்டிலைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். மூன்று மணி நேரம். குழாய் முனையில் ரத்தக்கட்டி அடைத்திருந்தது, வயிற்றுக்குள் ஒன்றரை லிட்டர். "இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தா நான் தியேட்டருக்கே எடுத்திருக்க மாட்டேன்," என்றார் டாக்டர். ஆள் பிழைத்தார்.

அன்றைக்குச் சாயங்காலமே பெரிய மேடம் அறையில் விசாரணை.

"உனக்கு எப்பத் தெரிஞ்சது?" என்று இன்சார்ஜைக் கேட்டாள் பெரிய மேடம்.

"பன்னிரண்டு மணிக்கு மேடம். நாத்தனார் சத்தம் போட்டப்போ."

அப்படியே எழுதினார்கள். இன்சார்ஜ் கையெழுத்துப் போட்டாள். கண்ணாடிக்கு மெமோவும் அவள் கையாலேயே எழுத வேண்டியதாயிற்று. அந்தப் பெண் தேம்பித் தேம்பி அழுதாள். "ஒரு கட்டமும் காலியா இருக்கக் கூடாதுன்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க?"

"நான் பொய் எழுதச் சொன்னேனா?"

அந்தப் பெண் மெமோவை வாங்கிக்கொண்டு போனாள். மறுநாள் காலையில் பதின்மூன்று நர்சுகள் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டு இன்சார்ஜ் மேசையில் வைத்தார்கள். நாங்கள் எல்லோரும்தான் அப்படி எழுதினோம், மெமோ கொடுப்பதென்றால் எல்லாருக்கும் கொடுங்கள் என்று இருந்தது. முதல் கையெழுத்து நாத்தனாருடையது. வாழ்க்கையில் ஒரு ஓட்டைகூட அடைக்காதவள் அவள்தான். அன்றையிலிருந்து வார்டில் முப்பத்தெட்டுத் தாளிலும் பார்த்தது மட்டும் எழுதப்பட்டது. பாதிக்குப் பாதி காலி. இன்சார்ஜ் சிவப்புப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு மூடிவிட்டாள்.

டிரைவர் பத்தாம் நாள் வீட்டுக்கு வந்தார். கிண்டல் போய்விட்டது. கேட்டதற்கு மட்டும் பதில். உடம்பு பலவீனம், அப்படித்தான் இருக்கும் என்று நாத்தனார் சொன்னாள். இன்சார்ஜ் தலையாட்டினாள். அவர் அன்றைக்கு எதைப் பார்த்தார், எவ்வளவு நினைவிருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்கவும் தைரியமில்லை. அவர் இருமும்போதெல்லாம், இதோ கேட்கப்போகிறார் என்று அவளுக்குத் தூக்கிவாரிப்போடும்.

பதினோராம் நாள் அவள் லீவு. நாத்தனார் பழையபடி ஆபரேஷன் வார்டுக்குப் போய்விட்டாள். மணி பத்து. வெயில் ஏறியும் டிரைவர் கழுத்துவரை போர்த்திக்கொண்டு கிடந்தார். கஞ்சியைக் கொண்டுபோனவள் கட்டில் லேசாக ஆடுவதைக் கண்டாள். நடுக்கம். நெற்றியைத் தொடப் போனாள், அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"குளிர் காய்ச்சல் மாதிரி இருக்குங்க. புண்ணைக் காட்டுங்க, பாக்கறேன்."

"வேணாம்."

"சீழ் வச்சிருந்தா வம்பாயிடும். காட்டுங்க."

"பாப்பா வந்து பாக்கட்டும்." நாற்பத்தாறு வயதுத் தங்கை அவருக்கு இன்னும் பாப்பாதான்.

"அவ ரெண்டு மணிக்குத்தானே வருவா! நாலு மணி நேரம் இருக்கு. நான் நர்ஸ் இல்லையா? உங்க பொண்டாட்டி இல்லையா?"

அவர் அவளைப் பார்த்தார். பத்து நாளில் முதல்முறையாக நேராகப் பார்த்தார்.

"அன்னைக்கு நான் உன்னைக் கூப்பிட்டேன்," என்றார். "நீ தாளைப் பாத்தே. கடிகாரத்தைப் பாத்தே. அப்புறம் என்னைப் பாத்தே. உன் மூஞ்சி மாறிப்போச்சு. இருபத்தஞ்சு வருஷமா அந்த மூஞ்சியைப் பாக்கறவன் நான். சரி, இவளுக்குத் தெரிஞ்சுபோச்சு, நான் பொழைச்சேன்னு நெனைச்சேன். அவ்வளவு நிம்மதியா இருந்துச்சு எனக்கு. அப்புறம் நீ போயிட்டே."

அவள் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "ரெண்டு நிமிஷம்னு நெனைச்சேங்க. சத்தியமா ரெண்டு நிமிஷம்தான்னு நெனைச்சேன்."

"யாருகிட்டயும் நான் சொல்லலை. சொல்லவும் மாட்டேன். பயப்படாதே."

"அதுக்கில்லைங்க... அய்யோ, அதுக்கில்லை. போர்வையை விடுங்க."

அவர் இரண்டு கையாலும் போர்வையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். பல் கிட்டித்தது. வயிற்றின் மேல் போர்வையில் கையகலத்துக்கு ஈரம் பரவியிருந்தது. லேசாக வாடையும் வந்தது.

அவள் வார்டுக்குப் போன் போட்டாள். கண்ணாடிதான் எடுத்தாள். இன்சார்ஜின் குரலைக் கேட்டதும், "அக்காவைக் கூப்பிடறேன் மேடம்" என்றாள், எதற்கு என்றுகூடக் கேட்காமல்.

"என்ன அண்ணி?"

"காய்ச்சல் அடிக்குது. நடுங்குறாரு. போர்வையெல்லாம் நனைஞ்சிருக்கு."

"ஆம்புலன்ஸ் இப்பவே அனுப்பறேன். வர அரை மணி நேரம் ஆகும். அதுக்குள்ள கட்டைப் பிரிச்சுப் பாத்து எனக்குச் சொல்லுங்க, டாக்டரைத் தயாரா வச்சுக்கணும்."

"பாக்க விட மாட்டேங்கிறாரு."

"விட மாட்டேங்கிறாரா? யாரை, உங்களையா? ஏன் அண்ணி?"

எத்தனையோ சொல்லியிருக்கலாம். பிடிவாதம், ஜுர வேகம், உளறுகிறார் என்று எதையாவது சொல்லியிருக்கலாம். அறைக்குள்ளிருந்து அவருடைய பல் அடிக்கிற சத்தம் கேட்டது.

"அன்னைக்குப் பதினொண்ணு நாப்பதுக்கே எனக்குத் தெரியும்," என்றாள் இன்சார்ஜ். "தாள் பொய்யின்னு தெரியும். அவர் மூஞ்சியைப் பாத்தேன், ரத்தம் போகுதுன்னும் தெரியும். இன்ஸ்பெக்‌ஷன்காரருக்குப் பயந்துக்கிட்டு அலமாரியைக் காட்டப் போயிட்டேன். உங்க அண்ணன் அதைப் பாத்துக்கிட்டு இருந்தாரு."

மறுமுனையிலிருந்து வார்டின் சத்தம்தான் வந்தது, ஒரு தள்ளுவண்டிச் சக்கரம் கிறீச்சிட்டது, யாரோ தண்ணீர் கேட்டார்கள். பிறகு நாத்தனாரின் குரல் வந்தது.

"போனை அண்ணன்கிட்டக் குடுங்க."

அவள் போனை அவர் காதில் வைத்தாள். தங்கை என்ன பேசினாள் என்று இவளுக்குக் கேட்கவில்லை. "ம்" என்றார் அவர். "ம். சரி பாப்பா. நீ சொல்றேன்னுதான்." போர்வையைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

இன்சார்ஜ் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு வந்து, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, கட்டைப் பிரித்தாள்.

"என்ன தெரியுது?" என்றது குரல். "தெரியறதை மட்டும் சொல்லுங்க."

"மேல் ரெண்டு தையல் விட்டிருக்கு," என்றாள் அவள். "சுத்திலும் சிவந்து தடிச்சிருக்கு, நாலு விரல் அகலம். மஞ்சளா வருது. நாத்தம் இருக்கு. உள்ளே எவ்வளவு ஆழம்னு எனக்குத் தெரியலை."

"பல்ஸ்?"

அவள் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை, கொடுக்கவும் இல்லை. சுவரைப் பார்த்தபடி கிடந்தார். அவள் வாட்சைப் பார்த்துக்கொண்டு, ஒரு நிமிஷம் முழுசாக, ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.